நீரெலியும் அந்துவும்: ஒரு வாசிகசாலை ஒப்பீடு எப்படிப் பிழைத்தது, எப்படித் திருத்தப்பட்டது

பின்னணி

வலிகாமத்தில், வழுக்கையாறு ஓடும் பக்கமாக இருக்கும் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை காலைகளில் விஞ்ஞான வட்டம் ஒன்றை நடத்தி வருகிறேன். பாடசாலையில் இருந்து ஓய்வு பெற்றபின் தொடங்கிய வேலை. பத்தாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரை படிக்கும் பதினொரு பிள்ளைகள். சம்பளமும் இல்லை, பரீட்சையும் இல்லை.

நிலையத்தின் ஆண்டு விழா ஆவணியில். அதற்கு ஒரு கண்காட்சி மேசை தருவதாக நிர்வாகம் சொன்னது. தலைப்பை நான்தான் வைத்தேன்: 'அரியதும் சாதாரணமும்.' உலகத்தில் மிக அரிதான ஓர் உயிரையும் எங்கள் வீட்டிலேயே திரியும் ஓர் உயிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அட்டவணையில் ஒப்பிடுவது என்பது திட்டம். பிழை அந்தத் தலைப்பிலேயே தொடங்கிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அரிய உயிராக உயர்தர உயிரியல் மாணவி ஒருத்தி எதியோப்பிய நீரெலியைத் தேர்ந்தெடுத்தாள். நைலோபெகாமிஸ் பிளம்பியஸ் என்று பெயர். நீரிலும் கரையிலும் வாழ்வதற்கு ஏற்ற உடலமைப்புள்ள எலி. 1927இல் சிக்காகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் பயணக் குழு எதியோப்பிய மேட்டுநிலத்தில், நீல நைலுக்கு ஊற்றான சின்ன அபாய் ஆற்றின் தொடக்கத்துக்கு அருகே, சுமார் 2,600 மீற்றர் உயரத்தில் ஒன்றைப் பிடித்தது. அடுத்த ஆண்டு, 1928இல், வில்பிரட் ஒஸ்குட் அதைப் புதிய பேரினமாக விவரித்தார். அவ்வளவுதான். அதன்பின் இன்னொன்று கிடைக்கவில்லை. ஒரு தோல், ஒரு மண்டையோடு, பிடித்த இடமும் திகதியும் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்: இந்த இனத்தைப் பற்றிக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியது இவ்வளவே.

சாதாரண உயிராகப் பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்துவை எடுத்தான். அரிசி வாளியைத் திறந்தால் முகத்தில் மோதுமே, அந்தச் சாம்பல் பூச்சி. 'அந்துப்பூச்சி' என்று நாங்கள் இரவில் விளக்கைச் சுற்றும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் வெறுமனே அந்து என்றால் வீட்டுக்காரருக்கு அது தானியத்தில் விழுவதுதான்.

அவனுக்கு இலகுவான வேலை, அவளுக்குக் கடினமான வேலை என்று நினைத்தேன். பெடியனுக்கு அதிகம் உதவி தேவைப்படாது என்று எண்ணி முதல் மாதம் முழுவதும் அவளோடுதான் இருந்தேன்.

முதல் மாதத்தில் கண்டது

அட்டவணைக்குப் பன்னிரண்டு வரிசைகள்: பெயர், பெயரின் பொருள், முதலில் விவரித்தவரும் ஆண்டும், கிடைத்த இடம், அளவு, நிறம், கால் அமைப்பு, உணவு, உணவு தேடும் விதம், நடமாடும் நேரம், இனப்பெருக்கம், ஆயுள்.

நான்காவது சனிக்கிழமை மாணவி பன்னிரண்டையும் நிரப்பிக் கொண்டுவந்தாள். அழகான கையெழுத்து. நீர்ப்பூச்சிகளின் குடம்பிகளைத் தின்னும், இரவில் ஆழமில்லாத தண்ணீரில் நீண்ட கால்களில் நின்றபடி மீசை மயிரை நீரில் படவிட்டு இரையின் அசைவை உணரும் என்றெல்லாம் எழுதியிருந்தாள். பிள்ளைகள் முன்னால் அதைத் தூக்கிக் காட்டிப் பாராட்டினேன்.

மாணவனின் கொப்பியில் ஐந்து வரிசைகள்தான் நிரம்பியிருந்தன. மிச்சத்தில் 'எல்லாருக்கும் தெரிந்தது' என்று எழுதி வைத்திருந்தான். அவனைக் கொஞ்சம் ஏசினேன்.

ஒரே ஓர் எலி கிடைத்த இனத்துக்குப் பன்னிரண்டு வரிசையும் நிரம்புகிறது. எங்கள் குசினிகளில் ஆயிரக்கணக்கில் பறக்கும் பூச்சிக்கு ஐந்துதான். அன்றைக்கே இது என்னை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. நிரம்பிய அட்டவணையைப் பார்த்தால் ஆசிரியருக்கு வரும் மகிழ்ச்சி அப்படிப்பட்டது.

பிழை வெளிப்பட்ட விதம்

இரண்டு பிழைகளும் ஒரே கிழமையில் வெளிவந்தன. இரண்டையும் கண்டுபிடித்தது நான் இல்லை.

முதலாவதைக் கண்டவள் வட்டத்திலேயே மிகச் சின்னப் பிள்ளை. "ஒண்டைத்தான் பிடிச்சதெண்டால், அது என்னண்டு சாப்பிடுறதெண்டு ஆர் பாத்தது அக்கா?" என்று கேட்டாள். மாணவி என்னைப் பார்த்தாள். நான் அட்டவணையைப் பார்த்தேன்.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து வரிசை வரிசையாகத் தேடினோம். முதல் ஏழு வரிசைகளும் அந்த ஒரு தோலிலிருந்தும் மண்டையோட்டிலிருந்தும் வந்தவை. அவற்றில் சந்தேகம் இல்லை. உணவு, தேடும் விதம், நடமாடும் நேரம் ஆகிய மூன்றும் கொலோமிஸ் என்ற வேறொரு பேரினத்துக்கு உரியவை. கொலோமிஸ் ஆபிரிக்க ஓடைகளில் உண்மையாகவே நெட்டைக் கால்களில் நின்று மீசையால் இரை தேடும் எலி. அதை உயிரோடு பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நீரெலியின் மிக நெருங்கிய உறவு என்பதால் அதன் பழக்கம் இதற்கும் பொருந்தலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 'பொருந்தலாம்' என்ற சொல் ஒவ்வொரு கையாக மாறி வரும்போது எங்கோ கழன்றுவிட்டது. கடைசி இரண்டு வரிசைகள், இனப்பெருக்கமும் ஆயுளும், பொதுவாக எலிகளைப் பற்றி எழுதியதிலிருந்து எடுத்தவை.

பிள்ளை பொய் எழுதவில்லை. அவள் வாசித்த இடத்திலேயே அப்படித்தான் அடித்துச் சொல்லியிருந்தது.

மாணவனின் படம் இன்னும் மோசம். ஒரு அந்துவை வரைந்து, அதற்குக் கீழே அதன் புழு அரிசியை நூலால் பின்னிக் கட்டியாக்கும் என்றும், நெல்மணியில் வட்ட ஓட்டை போட்டு வெளியே வரும் என்றும் எழுதியிருந்தான். வீட்டில் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். அவ சிரித்தாவாம்.

"உது வேற, இது வேற மோனை. மா அந்து நூல் விடும், ஓட்டை போடாது. நெல்லந்து ஓட்டை போடும், நூல் விடாது. ரெண்டையும் ஒண்டாக்கிப் போட்டாய்."

அவ சொன்னது அச்சொட்டாகச் சரி. நெல்லந்து என்று அவ சொன்னது சைட்டோட்ரோகா சீரியலெல்லா. வைக்கோல் நிறம், ஒடுங்கிய செட்டை, பின்செட்டையின் நுனி விரல் நீட்டியது போல் கூர்மையாக இருக்கும். அதன் புழு ஒரு நெல்மணிக்குள் புகுந்தால் அதற்குள்ளேயே தின்று, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, கடைசியில் பூச்சியாகத்தான் வெளியே வரும். மா அந்து என்று அவ சொன்னது கொர்சைரா செபலோனிக்கா. அதைவிடக் கொஞ்சம் பெரிது, மங்கிய சாம்பல் கலந்த மண்ணிறம், செட்டையில் சொல்லும்படியான கோலம் இல்லை. அதன் புழு மணிகளையும் மாவையும் நூலால் பிணைத்துக் கட்டி கட்டியாக்கி, அந்தக் கட்டிக்குள் இருந்து தின்னும்.

எல்லாருக்கும் தெரிந்தது என்று நாங்கள் தள்ளிவிட்ட பூச்சி ஒன்றல்ல, குறைந்தது இரண்டு. அதை அந்த வீட்டில் அறிந்திருந்தவர் ஒருவர்தான். அவவிடம் யாரும் கேட்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

தலைப்பை மாற்றி இரண்டு இலகுவான உயிர்களை எடுப்போம் என்று ஒரு பெற்றோர் சொன்னார். பெருச்சாளியும் நீந்தும்தானே, அதை வையுங்கோ என்றார் இன்னொருவர். மாரியில் வாய்க்காலில் பெருச்சாளி நீந்துவது உண்மைதான், ஆனால் அது தண்ணீரை நம்பி வாழும் விலங்கு அல்ல. நான் மாற்ற விரும்பவில்லை. பிழை உயிர்களில் இல்லை, அட்டவணையில் இருந்தது. உயிர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அறிவும் அரிது, உயிர் எவ்வளவு மலிவோ அவ்வளவுக்கு அறிவும் மலிவு என்று நான் யோசிக்காமலே எடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை உயிர் இருக்கிறது என்பதும், யாராவது பார்த்துத் திகதியும் இடமும் போட்டு எழுதி வைத்தார்களா என்பதும் இரண்டு வேறு கணக்கு.

ஆகவே மூன்று மை. அந்த ஒரு மாதிரியிலிருந்து நேரடியாகத் தெரிந்தது நீலம். நெருங்கிய உறவிலிருந்து ஊகித்தது பச்சை. மற்றவை வெற்றிடம். மாணவியின் அட்டவணை ஏழு நீலம், மூன்று பச்சை, இரண்டு வெற்றிடம் என்று சுருங்கியது. அவளுக்கு அழுகை வந்தது. நிரம்பிய தாளைப் பாராட்டியது நான், வெறுமையாக்கியதும் நான் என்பதால் பிள்ளைகள் முன்னாலேயே பிழை என்னுடையது என்று சொன்னேன்.

படம் பற்றிய முடிவு இன்னும் கரைச்சலாக இருந்தது. மாணவிகள் இருவர் வண்ணத்தில் அச்சடித்துக் கொண்டுவந்த 'நீரெலி' படம் ஐரோப்பாவில் வாழும் வேறு ஒரு விலங்கு. நாங்கள் தேடும் எலியின் உயிருள்ள படம் கிடையாது. வெறும் சட்டத்தை வைப்பதா? மாணவி பெயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நைலோ என்றால் நைல், பெகா என்பது ஊற்று, மிஸ் என்றால் எலி: நைல் ஊற்றெலி. பிளம்பியஸ் என்றால் ஈய நிறம். அவளுடைய மாமா கடற்றொழில் செய்பவர். அடுத்த கிழமை வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் நாலைந்தைக் கொண்டுவந்து சட்டத்துக்குள் நூலில் தொங்கவிட்டாள். 'இந்த நிறம்' என்று கீழே எழுதினாள். அந்த மேசையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான்.

வழுக்கையாற்றை விட்டால் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதுவும் மாரி மழைக்குத்தான் ஓடும். மலையோடைக் குளிரில் நீந்தும் எலியைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு எந்த மனப்படமும் இல்லை என்பதை அதுவரை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

அந்துவுக்கு முடிவு வேறு: புத்தகத்தை மூடிவிட்டுப் போத்தலைத் திறப்பது. ஆறு வீடுகள். நெல் மூட்டை, குத்தரிசி வாளி, குரக்கன் மா, ஒடியல் மா, கச்சான். எங்கே அந்து இருக்கிறதோ அங்கேயிருந்து தானியத்தோடு ஒரு கை அள்ளிப் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வெளியே துண்டு ஒட்டுவது. துண்டில் திகதி, வீட்டு எண், எந்தப் பாத்திரம், என்ன தானியம்.

நடந்தது

பதினாலு போத்தல் சேர்ந்தது. துண்டுகளை மாணவன் சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தான். இரண்டாம் கிழமை அலுமாரியைத் திறந்தபோது நாலு துண்டுகள் தட்டில் கிடந்தன, விளிம்பெல்லாம் கரப்பான் அரித்தபடி. நாலு போத்தல்கள் அம்மணமாக நின்றன. எது எதற்குரியது என்று சொல்ல வழியில்லை.

"ஊகிச்சு ஒட்டுவம் மாஸ்டர், ரெண்டு நெல்லுத்தானே" என்றான்.

அந்த இடத்தில் அவனுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாணவி முந்திக்கொண்டாள். "என்ரை எலிக்குத் துண்டு இல்லாட்டி அது வெறும் எலித்தோல்" என்றாள். நாலு போத்தலையும் தண்ணீரில் கொட்டினோம்.

மிச்சப் பத்தையும் கைவில்லையால் பார்த்தோம். நாலில் நெல்லந்து, நாலும் நெல்லில் இருந்து. இன்னும் நாலில் மா அந்து: இரண்டு குத்தரிசி, ஒன்று குரக்கன் மா, ஒன்று ஒடியல் மா. ஒன்றில், கச்சான் போத்தலில், மூன்றாவது ஒன்று இருந்தது. முன்செட்டையின் அடிப்பாகம் வெளிறி, வெளிப்பாகம் செம்பு நிறத்தில். அம்மம்மாவிடம் அதற்குப் பெயர் இல்லை. புளோடியா இன்டர்பங்டெல்லா அது. ஆங்கிலத்தில் அதை 'இந்திய மா அந்து' என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்துப் பூச்சி என்று மாணவன் பெருமைப்பட்டான். அமெரிக்காவில் சோள மாவுக்கு 'இந்திய மா' என்று பெயர், அங்கிருந்து வந்த பெயர் அது, இந்தியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொன்னபோது முகம் விழுந்துவிட்டது. பத்தாவது போத்தலில் இருந்ததன் செட்டைத் தூள் எல்லாம் உரசிப் போய்விட்டது. தெரியவில்லை என்று எழுதினோம்.

அவனுடைய அட்டவணை இப்போது மூன்று நிரலானது. கொர்சைரா, செபலோனிக்கா என்ற இரண்டு பெயரும் கிரேக்கத் தீவுகளின் பெயர்கள் என்று கண்டுபிடித்தான். ஆய்வுகூடங்களில் கொர்சைராவை வேண்டுமென்றே பெருக்கி, அதன் முட்டைகளில் ட்ரைக்கோகிராமா என்ற மிகச் சிறிய குளவியை வளர்த்து, பயிர்த் துளைப்பான் புழுக்களுக்கு எதிராக வயலில் விடுகிறார்கள் என்பதையும் தேடி எடுத்தான். நாங்கள் திட்டிக்கொண்டே புடைத்துக் கொட்டுவதைச் சாப்பாடு போட்டு வளர்க்கிறார்கள் என்பது அவனுக்குப் பெரிய பகிடி.

கண்காட்சி நாள்

எலிப் பக்கம் கூட்டம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். கூட்டம் போத்தல்களைச் சுற்றித்தான். நெல் வைத்திருப்பவர்கள் சுற்றி நின்று வேப்பிலை போதுமா, நொச்சி போடுவதா என்று அரை மணித்தியாலம் வாதம். சுளகில் புடைத்தால் மா அந்துவின் கட்டியும் புழுவும் போகும், மணிக்குள் இருக்கும் நெல்லந்துப் புழு போகாது என்று மாணவன் ஒரு மணியை உடைத்துக் காட்டினான். அறுவடை முடிந்ததும் மெல்லிய படையாகப் பரப்பி நன்றாகக் காயவிட்டுக் கட்ட வேண்டும் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். ஏன் என்பது அன்றுதான் சிலருக்குத் தெரிந்தது. நெல்லந்து சில வேளை வயலில் நிற்கும் கதிரிலேயே முட்டையிட்டுவிடும் என்றதும் ஒருவர் நம்ப மறுத்தார்.

எலியின் முன்னால் நின்றவர்கள் குறைவு. ஆனால் கேட்டது கனமாக இருந்தது. ஒரு அம்மா ஈயக்குண்டுகளைப் பார்த்துவிட்டு, "ஒண்டே ஒண்டு இருந்ததையும் கொண்டு போட்டினமோ?" என்றா. மாணவி கொஞ்சம் யோசித்தாள். பிடித்தபோது அது ஒன்றுதான் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. பிடிக்காவிட்டால் அப்படி ஒன்று இருந்தது என்றே எவருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஓடைக் கரைகள் மேய்ச்சலாலும் பயிர்ச்செய்கையாலும் மாறிப் போனதுதான் பெரிய சேதம் என்று சொன்னாள். அதோடு, தோலைப் பத்திரமாக வைத்திருந்ததால் 93 ஆண்டுகள் கழித்து, 2020இல் வெளியான ஆய்வில் அதிலிருந்து மரபணு எடுத்து அது கொலோமிஸின் மிக நெருங்கிய உறவு என்று உறுதிப்படுத்தினார்கள் என்றும், அதே ஆய்வில் கொலோமிஸில் இரண்டு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன என்றும் சொன்னாள். அந்த அம்மா முழுவதும் ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை.

பக்கத்தில் நின்ற ஒரு முதியவர், 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை நினைவுபடுத்தினார். வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அங்கே இருந்தன. "ஒண்டே ஒண்டு எண்டால் என்னெண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை" என்றுவிட்டு நகர்ந்தார்.

அடுத்த முறை மாற்றுவது

அட்டவணை கொடுக்கும்போதே 'இது யாருக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு நிரலைச் சேர்ப்பேன். மூன்று மையைப் பின்னால் கொண்டுவந்ததால் ஒரு பிள்ளை தேவையில்லாமல் அழுதது. 'அரியதும் சாதாரணமும்' என்ற தலைப்பை வைக்க மாட்டேன். அது விடையை முன்னரே சொல்லிவிடுகிறது. வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் முதல் கிழமையே கேட்டு வரச் சொல்வேன். அம்மம்மா சொன்ன ஒரு வசனம் எங்கள் ஐந்து கிழமையை மிச்சம் பிடித்திருக்கும். துண்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயும் ஒன்று போட வேண்டும். சோற்றுப்பசை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கண்காட்சி முடிந்தபின் நல்ல மாதிரிகளை ஊசியில் குத்தி, துண்டோடு, ஒரு பிஸ்கட் ரின்னில் அடுக்கி நிலைய அலுமாரியில் வைத்தோம். இருபத்திரண்டு பூச்சிகள். பூச்சி உருண்டை போட வேண்டும் என்று சொன்னேன். யாராவது போட்டிருப்பார்கள் என்று நானும் நினைத்தேன், அவர்களும் நினைத்தார்கள். மாரி முழுவதும் எவரும் திறக்கவில்லை. தை பிறந்து திறந்தபோது ஊசிகள் வரிசையாக நின்றன, துண்டுகள் இருந்தன, பூச்சிகளில் ஐந்துதான் மிச்சம். எறும்பும் பொடி வண்டும் வேலையை முடித்திருந்தன. ஐந்தில் நாலு மா அந்து, ஒன்று நெல்லந்து. கச்சான் போத்தலில் கிடைத்த செம்பு நிறத்தது அதில் இல்லை.

மாணவன் இப்போது இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறான். இந்த முறை கச்சான் கடைக்காரரிடமே போய்க் கேட்டிருக்கிறான். அந்து விழுந்த மூட்டை வந்தால் எறியாமல் சொல்லும்படி.